தோள் லூசு, இடுப்பு டைட்டு

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எங்கள் கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தைத்து வரும் துணியில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கர்கள் இரண்டாவது மாடியில் பலர் இருந்தார்கள். ஆனால் 'செக்கர்' என்றால் அவள் ஒருத்திதான். நானும் பெயரை விட்டுவிடுகிறேன். எழுதினால், அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

பொம்மனஹள்ளியில் இருந்த அந்த ஃபாக்டரியின் குழந்தைகள் காப்பகத்தில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். விவேக் நகரிலிருந்து காலையில் பஸ் பிடித்து ஷிஃப்ட் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிடுவேன். கீழ்த்தளத்தில் துணி குடோனுக்குப் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த நீளமான அறை. அம்மாக்கள் குழந்தைகளை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடுவார்கள். பால் கொடுக்க இரண்டு தடவை இறங்கி வருவார்கள்.

முதல் நாள் ஆறு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். ஆண் குழந்தை. மற்றவர்களைப் போல அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, தூளிக்குள் கையை விட்டு, துணியை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மடிப்புக்குள்ளிருந்து ஒரு ஸ்டேப்ளர் பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

எனக்கு முகம் சுட்டது. "காலையிலதான் உதறிப் பார்த்தேம்மா" என்றேன்.

"பார்த்திருப்பீங்க அக்கா. தொட்டிருக்க மாட்டீங்க."

அதில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் அதிகமானது. முதல் ஒரு மாதம் அவளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. நான் மடித்து வைத்த துணிகளைப் பிரித்துத் தடவுவாள். பால் புட்டியின் ரப்பரை இரண்டு விரலால் நெருடிப் பார்ப்பாள். 'பரவாயில்ல' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை.

அவள் புருஷன் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். பயந்த சுபாவம், நல்ல மனிதன். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வரும்போது என்னிடம் முறையிடுவான். "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா சீட்டத் தடவிப் பாக்கறா மேடம். என் தங்கச்சி கல்யாணத்துல, மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடியே பொண்ணு ஜாக்கெட்ல ஊக்கு மாறித் தெச்சிருக்குன்னு சொல்லிட்டா. ஆறு மாசம் எங்கம்மா பேசல."

"மாறித்தான தெச்சிருந்துச்சு?" என்பாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவளை நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது ஓர் ஊசியால். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் சேர்த்து ஒட்டிக் காட்ட வேண்டும். ஊசி முழுதாகச் சேர்ந்தால்தான் புது ஊசி. எங்கேயோ கண்காணாத தேசத்தில் ஒரு குழந்தையை அது குத்திவிடக் கூடாதே. அன்று உடைந்த ஊசியின் நுனி மட்டும் கிடைக்கவில்லை. உலோகம் காட்டும் மெஷினும் அன்றைக்கென்று மக்கர் செய்தது. கீழே லாரி நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவிவிட்டு, "இல்லம்மா, இல்ல. ஆயித்து, பிடு" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். முடிந்தது, விடு என்று.

பால் நேரத்துக்கு அவள் இறங்கி வரவில்லை. குழந்தை வீறிட்டது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்னச் சின்ன பேன்ட்டுகள் குவியலாகக் கிடந்தன. குழந்தையை மடியில் வாங்கி, துப்பட்டாவால் மூடி, பாலுக்கு விட்டாள். கைகள் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பேன்ட்டின் தையலையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருவிக்கொண்டே இருந்தாள். குழந்தை குடித்து முடித்துத் தூங்கியும் போனான். அப்புறம்தான் ஓர் இடுப்புப் பட்டியில் அவள் விரல் நின்றது. தையலைப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத அந்த நுனியை விரல்மேல் ஏந்தி சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இல்லன்னு சொன்னாங்களே, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவங்க 'பாக்கல'ன்னு சொல்லியிருக்கணும் அக்கா. 'இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டும் வேற வேற."

குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்த சமயம். ஒரு மத்தியானம் அவனுக்குச் சட்டையும் கால்சட்டையும் போட்டுவிட்டு, அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வாங்க. தோள் லூசா இருக்குது, இடுப்பு டைட்டா இருக்குது. ஒரே செட்டு. பத்து நாளைக்கு முன்னாடி ரெண்டும் சரியா இருந்துச்சு."

"குழந்தைன்னா தொப்பை இருக்கத்தாம்மா செய்யும்."

"தொப்பை வந்தா தோளும் கூட வரணும் இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காப்பகத்தில் அவனுக்குப் பெயரே குட்டி கணபதி. வயிற்றைப் பார்த்துப் பார்த்து மற்ற அம்மாக்கள் கொஞ்சுவார்கள். மறுநாளிலிருந்து அவள் இன்ச் டேப்போடு வந்தாள். தினமும் காலையில், பால் கொடுப்பதற்கு முன்பு, தொப்புளுக்கு ஒரு விரற்கடை மேலே, அவன் மூச்சை வெளியே விடும் தருணத்தில் அளப்பாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே குறித்துவிட்டுப் போவாள். "புள்ளைய அளக்கறியா, பேன்ட்ட அளக்கறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். காலண்டரில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. எடை மட்டும் ஏறவில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் எப்போதும் கூட்டம். டாக்டர் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கேஸ்தாம்மா" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு சொட்டு மருந்து. மூன்றாவது தடவை, "முதல் குழந்தை இல்லையா, அதான் டென்ஷன்" என்று அவளுக்கே தூக்கத்துக்கு ஏதோ எழுதினாராம்.

டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். இதை மறைக்கக் கூடாது. எத்தனை குழந்தைகளை வளர்த்த கை என்ற நினைப்பு எனக்கு. "ஒண்ணும் இல்லம்மா, சும்மனே பயப்படாத" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தொட்டுப் பாத்தீங்களா அக்கா?"

பதில் சொல்லுமுன் என் கையைப் பிடித்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையை விலக்கி, என் மூன்று விரல்களை அவன் விலாவுக்குக் கீழே இடப்பக்கம் வைத்து, தன் விரல்களை அவற்றின்மேல் வைத்தாள். "அழுத்தாதீங்க. அவன் மூச்ச விடட்டும். வயிறு தானா கீழ போவும்."

வயிறு இறங்கியது. என் விரல்கள் அதோடு இறங்கி, ஓரிடத்தில் தட்டி நின்றன. மேலே வெண்ணெய் போல மெத்தென்று இருந்தது. அடியில் ஓர் ஓரம். கரடுமுரடான, கெட்டியான ஓரம். மூச்சை இழுத்ததும் அது மறைந்தது. விட்டதும் மறுபடி வந்தது.

இரண்டு மாதமாக அந்தக் குழந்தையைத் தினமும் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், தோளில் போட்டுத் தட்டியிருக்கிறேன். என் கைக்கு அது தெரியவில்லை.

"இருக்குது இல்லியா?" என்றாள்.

"இருக்குதும்மா."

யாராவது ஒருத்தர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை நாள் காத்திருந்தவள் மாதிரி, அவள் தோள் சற்றுத் தளர்ந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மூவரும் குழந்தையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்குக் கன்னடம் அரைகுறை, புருஷனுக்குப் பதற்றத்தில் தமிழே வரவில்லை. அதனால் நான் கூடப் போனேன். முதலில் பார்த்த இளம் டாக்டரும் வயிற்றில் கை வைத்துவிட்டு உடனே எடுக்கப் போனார். "சார், கைய எடுக்காதீங்க. மூச்ச விடட்டும்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். ஆனால் அவர் கை நின்றது. சில விநாடிகள்தான். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எழுந்து போய்த் தன் பெரிய டாக்டரை அழைத்து வந்தார்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் என்று அன்றைய பகல் போயிற்று. சாயங்காலம் அந்த இளம் டாக்டர் எங்களை உட்காரவைத்துக் கன்னடத்தில் விளக்கினார். வயிற்றுக்குள் ஒரு கட்டி. பெரிய கட்டி. ஈரலிலிருந்தா, சிறுநீரகத்துப் பக்கமா, எங்கிருந்து வந்தது என்று ஸ்கேனில் சரியாகப் பிடிபடவில்லை. எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம், அது இல்லாமலும் இருக்கலாம்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உள்ள ஒரு கட்டி இருக்காம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு சொல்றாரு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அவரு சொன்னது நீளமா இருந்துச்சு. நீங்க சொன்னது கம்மியா இருக்குது."

நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வெட்டித் தராதீங்க அக்கா. முழுசா குடுங்க."

முழுதாகச் சொன்னேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். புருஷன் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் குழந்தையின் காலுறையைச் சரிசெய்துவிட்டு, "சரி. இப்பத் தெரியுது" என்றாள். அந்த நிமிஷம் அவளிடம் எனக்கு ஒரு பயமே வந்தது. இவ்வளவையும் ஒருத்தி எங்கே வைத்துக்கொள்வாள்?

ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, மெலிந்த குரல். தமிழ் பேசினார். புருஷன் அவர் காலில் விழாத குறையாக, "பயமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டர்" என்று கெஞ்சினான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலப்பா. ஸ்கேன்ல இது எதுல ஒட்டியிருக்குன்னு தெரியல. திறந்து பார்த்தாத்தான் தெரியும். எடுக்க முடியும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல இப்ப சொன்னா பொய் சொல்ற மாதிரி ஆயிடும்."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "இவங்ககிட்ட குடுக்கலாம் அக்கா. இதுவரைக்கும் பாத்ததுலயே இவங்கதான் தெரியலன்னு சொன்னாங்க."

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். புருஷன் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை சுற்று என்று நினைவில்லை. அவள் உள்ளங்கைகளைத் தொடைமேல் மலர்த்தி வைத்து அசையாமல் இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கியபோதே அவர் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்தது. குழந்தை பிழைத்திருக்கிறான். ஆனால் அந்தக் கண்ணில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வியப்பு.

"இரைப்பையிலேர்ந்து வந்திருக்கும்மா. இரைப்பையோட சுவத்துலேர்ந்து வெளிப்பக்கமா வளர்ந்திருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். சுவத்துல கொஞ்சத்தையும் சேர்த்து எடுத்துத் தெச்சிருக்கேன்."

"நான் பாக்கணும்" என்றாள் அவள்.

டாக்டர் தயங்கினார். பிறகு நர்ஸிடம் சொல்லி ஒரு ஸ்டீல் தட்டைக் கொண்டுவரச் செய்தார். பச்சைத் துணியை விலக்கினார்கள். பெரிய மாதுளம்பழம் அளவுக்கு, முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஒரு பக்கம் வெட்டித் திறந்திருந்தார்கள். உள்ளே ஈரமான கறுப்பு மயிர் சுருண்டு கிடந்தது. குருத்தெலும்பு போல ஒரு வெள்ளைத் துண்டு. அதன் பக்கத்தில் அரிசி மணி போல ஒன்று. "பல்லு" என்றார் டாக்டர்.

எட்டு மாதக் குழந்தை அவன். வாயில் இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. வாயே இல்லாத இடத்தில், இருட்டில், யாருக்காகவோ ஒரு பல் முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது. அருவருப்பு இல்லை. இன்றுவரை நான் எந்தப் பீடத்துக்கு முன்னும் அப்படி நின்றதில்லை.

அவள் குனிந்து, தொடாமல், தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுல எந்த ஓரம் உள்ள ஒட்டியிருந்துச்சு டாக்டர்?"

டாக்டர் கையுறை விரலால் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு சின்ன வட்டம். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "முழுசா வந்துடுச்சா?"

"என் கண்ணுக்குத் தெரிஞ்சவரைக்கும் வந்துடுச்சு. லேப்ல பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்லணும்." பிறகு டாக்டரே கேட்டார்: "நீங்க நர்ஸா?"

"இல்லீங்க. கார்மென்ட்ஸ்."

சில நாள் கழித்து லேப் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஓரங்கள் சுத்தம். ஆனாலும் சில வருடங்களுக்கு ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் குடியிருந்த சந்தில் பேச்சு பலவிதமாகக் கிளம்பியது. வயிற்றிலேயே கூடப் பிறந்தவனை விழுங்கிவிட்டான் என்றார்கள். குடும்ப சாபம் என்றார்கள். அவள் டாக்டர் சொன்னதைத்தான் திரும்பச் சொன்னாள். கருவில் ஏதோ உயிரணுக்கள் இடம் தவறித் தங்கிவிட்டன, அவ்வளவுதான். "தையல் தப்பான எடத்துல விழுந்துடுச்சு. அதுக்குத் துணிய ஏன் திட்றீங்க?" என்று ஒருத்தியிடம் கேட்டாளாம்.

இதோடு முடிந்திருந்தால் அவளை நான் ஒரு இரும்பு மனுஷி என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

குழந்தை திரும்பவும் காப்பகத்துக்கு வந்தான். வயிற்றில் குறுக்கே ஒரு நீளத் தழும்பு. ஒரு வாரத்திலேயே எனக்கு ஒன்று புலப்பட்டது. அவள் அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பால் கொடுக்கும்போது முதுகைத் தாங்கினாள். கால்சட்டை மாற்றுவதை என்னிடம் விட்டாள். வீட்டில் குளிப்பாட்டுவது புருஷன்தான் என்று அவனே சொன்னான். அவள் அந்த வயிற்றைத் தொடவே இல்லை.

ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பயமா இருக்குது அக்கா. ஸ்கேன்ல இல்லன்னு சொல்றாங்கோ. என் கை இருக்குதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் முதல் தடவையாக அவள் அழுது பார்த்தேன். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கியது. உலகத்தில் வேறு யாரையும் நம்பாமல் அவள் நம்பிய ஒரே சாட்சி அந்தக் கை. அதையே பின்னால் கட்டிக்கொண்டு அவள் மாதக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்தாள். மேலே துணிகளை எப்போதும் போலத் தடவினாள். கீழே வந்தால் கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்வாள்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒல்லியாக, நெட்டையாக, வாயாடியாக இருப்பதாகக் கேள்வி. இனிமேல் வர வேண்டாம் என்று டாக்டரே கடைசியில் சொல்லிவிட்டாராம். அவர்கள் ஓசூர் பக்கம் வீடு மாறிப் போனார்கள். அவள் அங்கே வேறு ஃபாக்டரியில் சேர்ந்துவிட்டாள். நானும் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு மத்தியானம்தான்.

அவனுக்கு ஒரு வயது தாண்டி நடை பழகிக்கொண்டிருந்தான். அன்று அவள் பால் நேரத்துக்கு இறங்கி வந்தாள். கதவருகே அவளைக் கண்டதும் அவன் தூளிக் கம்பியை விட்டுவிட்டு ஓடினான். நடக்கத் தெரியாதவனின் ஓட்டம். நடுவில் இருந்த ஒற்றைப் படி அவனுக்குத் தெரியவில்லை. நான் ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், எழுந்திருக்க நேரமில்லை. அவன் முகம் சிமென்ட்டை நோக்கிப் போனது. அவள் பாய்ந்து முழங்காலில் விழுந்து, இரண்டு கைகளாலும் அவனை அள்ளிப் பிடித்தாள்.

பிடித்தது வயிற்றில்.

அவன் சட்டை மேலே ஏறியிருந்தது. பத்து விரல்களும் அந்தத் தழும்பின்மேல் இருந்தன. அவளுக்கு அது ஒரு விநாடி கழித்துத்தான் தெரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. விரல்கள் முதலில் விறைத்து நின்றன. பிறகு கண்ணை மூடினாள். விரல்கள் மெல்ல, மிக மெல்ல, நகரத் தொடங்கின. விலாவுக்குக் கீழே. தழும்பை ஒட்டி. தொப்புளைச் சுற்றி. இடப்பக்கம் வந்து நின்றன. அங்கே வெகுநேரம் நின்றன.

அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. அம்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக் கக்கக்கவென்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் வயிறு துள்ளித் துள்ளி அவள் உள்ளங்கையில் மோதியது. அவள் கண்ணைத் திறக்காமலே சிரிக்க ஆரம்பித்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவள் தரையிலிருந்து எழவில்லை. நானும் நேரமாயிற்று என்று சொல்லவில்லை.